தடயமும் வாக்குமூலமும்: திருகோணமலை வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

குற்ற வழக்குகளில் தடயவியலின் பங்கு பற்றி வந்த கேள்விகளுக்கு, திருகோணமலை நீதிமன்றங்களில் நீண்டகாலமாக வழக்காடிவரும் சட்டத்தரணி ஒருவர் பதில் தருகிறார்.

சாம்பல்தீவிலிருந்து: அக்கா, பொலிஸில் ஒருவர் "நான்தான் செய்தேன்" என்று சொல்லிவிட்டால் வழக்கு முடிந்த மாதிரித்தானே? பிறகு எதற்கு ஆய்வுகூடம்?

இல்லைத் தம்பி. பொலிஸாரிடம் கொடுத்த குற்ற ஒப்புதலை எதிரிக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்கு, எதிராகப் பாவிக்க முடியாது என்கிறது சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம்தான் இதைத் தலைகீழாக்கியது. உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத ஒருவரிடம் கொடுத்தால் செல்லும் என்றாக்கியது. அதனால் எத்தனை பிள்ளைகள் வருடக்கணக்கில் உள்ளே கிடந்தார்கள் என்பதை நம் ஊருக்குச் சொல்லத் தேவையில்லை.

2015 செப்டெம்பரில் கொட்டதெனியாவவில் ஒரு சிறுமி கொல்லப்பட்டாள். முதலில் ஒரு பாடசாலை மாணவனையும் இன்னொருவரையும் பிடித்தார்கள். டி.என்.ஏ. பொருந்தவில்லை. அடுத்துப் பிடிபட்டவர் தானே செய்ததாக ஒப்புக்கொண்டார். ஊடகங்களும் அப்படியே எழுதின. அவருடையதும் பொருந்தவில்லை. பொருந்தியது அவருடைய சகோதரருடைய டி.என்.ஏ. 2016இல் நீர்கொழும்பு மேல் நீதிமன்றம் அந்தச் சகோதரருக்கு மரண தண்டனை விதித்தது. ஆய்வுகூடம் இல்லாமல் ஒப்புதலோடு நின்றிருந்தால் தண்டனை யாருக்குப் போயிருக்கும்? விசாரிப்பவர்கள் ஒப்புதலை விட்டுத் தடயத்தைத் தேடப் பழகினால் அடி உதைக்கே வேலை குறையும். குற்றவியல் நீதியில் நான் முதலில் கேட்கும் சீர்திருத்தம் இதுதான்.

கிண்ணியாவிலிருந்து ஒரு தாய்: மகன் தூள் வழக்கில் விளக்கமறியலில் இருக்கிறான். ஒவ்வொரு தவணைக்கும் "ரிப்போர்ட் வரவில்லை" என்கிறார்கள். அந்த ரிப்போர்ட் அவ்வளவு முக்கியமா?

மிக முக்கியம், அம்மா. பிடிபட்ட பொதியின் நிறையை வைத்து ஹெரோயின் வழக்கு தீர்வதில்லை. அதில் கலப்படம் போக எவ்வளவு சுத்தமான ஹெரோயின் என்று பத்தரமுல்லையிலுள்ள அரச பகுப்பாய்வாளர் திணைக்களம் சொல்ல வேண்டும். 2 கிராமும் அதற்கு மேலும் என்றால் மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கலாம். அந்த ஒரு எண் வரும்வரை பிள்ளை உள்ளேதான். சட்டத்தரணி மூலம் நகர்த்தல் பத்திரம் (நீதிமன்றத்திடம் கொடுக்கும் எழுத்து மூலக் கோரிக்கை) போட்டு, அறிக்கையை விரைவுபடுத்தக் கட்டளை கேளுங்கள். பொதி முத்திரை உடையாமல் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்ற பதிவையும் பார்க்கச் சொல்லுங்கள். கிழக்கிலேயே முழு வசதியுள்ள ஆய்வுகூடம் வேண்டும் என்று நான் விடாமல் கேட்பது இப்படிக் காத்துக்கிடக்கும் தாய்மாரைப் பார்த்துத்தான்.

உப்புவெளியிலிருந்து ஒரு மாணவி: 2006இல் கடற்கரையில் கொல்லப்பட்ட ஐந்து மாணவர்களின் வழக்கில் தடயவியல் உதவியதா, அக்கா?

உதவியது தங்கச்சி, ஆனால் பாதி வழிதான். 2006 ஜனவரி 2ஆம் திகதி மாலை, காந்தி சிலையடியில் நடந்தது. பிள்ளைகள் கொண்டுவந்த கைக்குண்டு வெடித்துத்தான் இறந்தார்கள் என்று படைத்தரப்பினர் முதலில் சொன்னார்கள். கைக்குண்டுச் சிதறல் என்றால் உடம்பெல்லாம் ஒழுங்கில்லாத சிறு காயங்கள் பரவியிருக்கும். துப்பாக்கி ரவை பெரும்பாலும் வட்டமான ஒரு துளையாக நுழையும், விளிம்பில் தோல் உரசியிருக்கும். கிட்டவிருந்து சுட்டால் சுற்றிலும் கரி படியும். சவச்சாலையில் தெரிந்தவை துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள். அந்தப் படங்களை வெளிக்கொண்டுவந்த ஊடகவியலாளர் சுகிர்தராஜன் அதே மாதம் 24ஆம் திகதி சுட்டுக் கொல்லப்பட்டார்.

எப்படி இறந்தார்கள் என்பதை உடல் சொல்லிவிட்டது. யார் சுட்டது என்று காட்ட, துப்பாக்கிகளையும் வெற்றுத் தோட்டாக்களையும் உடனே கைப்பற்றி ஒப்பிட வேண்டும். கண்ட சாட்சி பயமில்லாமல் கூண்டில் ஏற வேண்டும். சாட்சிகளைப் பாதுகாக்கும் சட்டமே 2015இல்தான் வந்தது. 2019 யூலையில், போதிய சாட்சியம் இல்லையென்று 13 எதிரிகளும் விடுவிக்கப்பட்டார்கள். எனக்கு இன்றும் நெஞ்சு கொதிக்கிற தீர்ப்பு அது.

தம்பலகாமத்திலிருந்து: கைரேகை பொய் சொல்லாதுதானே?

ரேகை சொல்லாது, அதை வாசிப்பவர் பிழைவிடலாம். 2004 மட்ரிட் ரயில் குண்டுவெடிப்பில் கிடைத்த ரேகை அமெரிக்கச் சட்டத்தரணி ஒருவருடையது என்று எஃப்.பி.ஐ. நிபுணர்களே அடித்துச் சொன்னார்கள். பிறகு அது வேறொருவருடையது என்று ஸ்பெயின் பொலிஸ் காட்டியது. "நிபுணர் சொல்லிவிட்டார்" என்று எதிரிக்காக வாதாடும் சட்டத்தரணி வாய்மூடி இருக்கக்கூடாது.

நிலாவெளியிலிருந்து, பெயர் வேண்டாம் என்றவர்: பாலியல் வன்முறை நடந்தால் வீட்டார் முதலில் என்ன செய்ய வேண்டும்?

குளிக்க வைக்காதீர்கள், உடுப்பைத் தோய்க்காதீர்கள். மனம் கேட்காதுதான், ஆனாலும் பொறுங்கள். நேரே ஆஸ்பத்திரிக்குப் போகலாம். அங்குள்ள பொலிஸ் காவலறையில் பதிவு செய்து சட்ட வைத்திய அதிகாரியிடம் அனுப்புவார்கள். 72 மணித்தியாலத்துக்குள் போவது நல்லது, பிந்திவிட்டாலும் போங்கள். உடுப்பைப் பொலித்தீன் பையில் கட்டவே வேண்டாம். நம் ஊர்ப் புழுக்கத்துக்கு ஈரம் உள்ளேயே நின்று பூஞ்சணம் பிடித்து டி.என்.ஏ. கெட்டுவிடும். நனைந்திருந்தால் நிழலில் காயவிட்டு, ஒவ்வொன்றையும் தனித்தனிக் கடதாசிப் பையில் போடுங்கள். பரிசோதிக்கும்போது கூட ஒரு பெண் இருக்க வேண்டும் என்று கேளுங்கள், தயங்க வேண்டாம்.