நாய்க்கும் ஒரு கட்டளை வைத்துவிடுங்கள், ஆச்சி

கேள்வி: எனக்கு 66 வயது. தேவகோட்டையில் தனியாக இருக்கிறேன். கணவர் வங்கியில் வேலை பார்த்தவர். அவர் தவறி நான்கு வருடம் ஆகிறது. மகன் சிங்கப்பூரில், மகள் சென்னையில். எனக்குத் துணையாக ஒரு ஷிட்ஸு நாய்க்குட்டி வாங்கித் தருகிறேன் என்கிறான் மகன். விலை 35,000 ரூபாய் சொல்கிறார்கள். குடும்ப ஓய்வூதியம் மாதம் 22,000 வருகிறது. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 30 லட்சம் போட்டிருக்கிறேன். வங்கி வைப்பு 14 லட்சம் அடுத்த மாதம் முதிர்கிறது. 5 லட்சத்துக்கு மருத்துவக் காப்பீடு உண்டு. வீட்டுச் செலவு 30,000க்குள் முடிந்துவிடும். வருடத்தில் இரண்டு மாதம் மகன் வீட்டுக்குப் போய்வருவேன். நாய் வளர்க்க என் வருமானம் தாங்குமா? எனக்குப் பிறகு அதை யார் பார்ப்பார்கள் என்பதும் மனதை அரிக்கிறது.

பதில்: தாங்கும் ஆச்சி, தாராளமாகத் தாங்கும். மூத்த குடிமக்கள் திட்டத்தின் உச்சவரம்பு 30 லட்சமாக உயர்ந்ததே 2023 ஏப்ரலில்தான். வட்டி 8.2 சதவீதம் ஆனதும் அப்போதுதான், அதனால் உங்கள் பணத்துக்கும் அதே வட்டி என்று எடுத்துக்கொள்கிறேன். காலாண்டுக்கு 61,500 ரூபாய், அதாவது மாதத்துக்கு 20,500. ஓய்வூதியத்தோடு சேர்த்தால் 42,500. செலவு போகக் கையில் 12,500 நிற்கிறது.

ஆனால் நாய்ச் செலவை அந்த 12,500இல் இருந்து எடுக்காதீர்கள். நம் செட்டிநாட்டு வீடுகளைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு மழைக்கு ஓடு மாற்ற ஆள் கூப்பிட்டாலே அந்த மாத மிச்சம் காலி. அப்படி ஒரு மாதம் வந்தால் முதலில் தள்ளிப்போவது வாயில்லாத ஜீவனுடைய வைத்தியம்தான். நானே தள்ளிப்போட்டிருக்கிறேன்.

எங்கள் வீட்டில் 13 வருடம் ஒரு வெள்ளை நாய் இருந்தது. பொமரேனியன் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். நம் ஊரில் அந்தப் பெயரில் வளர்வதில் பாதிக்கு மேல் இந்தியன் ஸ்பிட்ஸ்தான், எங்களுடையதும் அதுதான். ஒன்பதாவது வயதில் அதன் வாயில் நாற்றம் வந்தது. பள்ளிக் கட்டணம் கட்டின மாதம், அடுத்த மாதம் பார்க்கலாம் என்று இரண்டு முறை சொல்லிவிட்டேன். ஒரு நாள் காலையில் கண்ணுக்குக் கீழே கன்னம் எலுமிச்சம்பழம் போல வீங்கியிருந்தது. சோற்றை நக்கிப் பார்த்துவிட்டு நகர்ந்து போய்ப் படுத்துக்கொண்டது. மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஆறு பல் எடுத்தார்கள். பெரிய நாய்க்கும் சின்ன நாய்க்கும் பல் 42தான். சின்ன வாயில் அவை நெருக்கியடித்துக்கொண்டு இருப்பதால் காரை சீக்கிரம் படியும், ஈறு கெடும். ஷிட்ஸுவுக்கும் இதே கதைதான். நாய்க்கென்று விற்கும் பற்பசையை வைத்துத் தினம் இரண்டு நிமிடம் தேய்த்துவிட்டால் பெரும்பகுதி தப்பிக்கலாம். நம்முடைய பற்பசை கூடாது.

அதனால்தான் இதற்கென்று தனியாக முதல் ஒதுக்கச் சொல்கிறேன். கோயில் காரியத்துக்கு ஒரு தொகையை ஒதுக்கிக் கட்டளை வைப்பது நம் பக்கத்தில் யாரும் சொல்லித்தர வேண்டிய விஷயம் இல்லை. முதலைத் தொடாமல் வட்டியில் விளக்கு எரிய வேண்டும், அவ்வளவுதான். 1813இல் ஏற்பட்ட காசி நகரத்தார் சத்திரத்தில் இருந்து இன்றைக்கும் விசுவநாதருக்குப் பூசைப் பொருள் போகிறதே, அந்த முறையைச் சின்ன அளவில் உங்கள் நாய்க்கு வைத்துவிடுங்கள்.

முதிரப்போகும் 14 லட்சத்தில் 9 லட்சத்தைத் தபால் நிலைய மாத வருமானத் திட்டத்தில் போடுங்கள். தனிநபருக்கு அதுதான் உச்சவரம்பு. 7.4 சதவீதத்தில் மாதம் 5,550 ரூபாய் வரும். முதல் உங்களுடையதாகவே இருக்கும். ஒரு வருடம் கழிந்துவிட்டால் நடுவிலும் எடுக்கலாம்: மூன்று வருடத்துக்குள் என்றால் 2 சதவீதமும், அதற்குப் பிறகு ஐந்து வருடம் முடிவதற்குள் என்றால் 1 சதவீதமும் பிடிப்பார்கள். மிச்சம் 5 லட்சம் உங்கள் உடம்புக்கு. அதை நாய்க்காகத் தொடக் கூடாது.

சரி, 5,550 எப்படிப் போகும்? ஐந்தாறு கிலோ எடையுள்ள நாய்க்குத் தீனி மாதம் 1,800. ஷிட்ஸுவின் முடி நம் தலைமுடி போல வளர்ந்துகொண்டே இருக்கும். ஆறு வாரத்துக்கு ஒருமுறை வெட்டிவிட, மாதக் கணக்கில் 700. தடுப்பூசி, குடற்புழு மருந்து, உண்ணி மருந்து எல்லாம் சேர்த்து 700. உண்ணி மருந்தில் மட்டும் கஞ்சம் பிடிக்காதீர்கள். உண்ணிக் காய்ச்சலில் ரத்த அணுக்கள் குறைந்து படுத்துவிட்டால் வைத்தியம் பல ஆயிரங்களில் போய் நிற்கும். சோப்பு, சீப்பு, சில்லறைக்கு 300. ஆக 3,500. இவை நான் போட்ட உத்தேசக் கணக்குதான், நூறு இருநூறு முன்னே பின்னே இருக்கும். ரேபிஸ் ஊசியை ஜூலை 6ஆம் தேதி அரசு கால்நடை மருத்துவமனைகளில் இலவசமாகப் போடுவது வழக்கம், விசாரித்து வையுங்கள்.

நீங்கள் பெரிதாக நினைக்காத செலவு சிங்கப்பூர்ப் பயணம். காப்பகத்தில் விட்டால் ஒரு நாளைக்கு 600 என்று வைத்தாலும் 60 நாளுக்கு 36,000. மாதத்துக்கு 3,000 ஆகிறது, தீனியை விட அதிகம். வீட்டில் உதவிக்கு வருகிறவரையே முகப்பில் வந்து படுத்துக்கொள்ளச் சொல்லி ஒரு நாளைக்கு 200 கொடுத்தால் 12,000தான், மாதத்துக்கு 1,000. நாய்க்கும் பழகின இடம், பழகின கை. மிச்சம் 1,050ஐ மாதா மாதம் தொடர் வைப்பில் போட்டு வைத்தியத்துக்கென்று வைத்துவிடுங்கள். நாய்க்கான காப்பீடுகளும் விற்கிறார்கள். ஏற்கெனவே இருக்கும் நோய்க்குப் பொதுவாகத் தருவதில்லை, வயது ஏறினால் சேர்ப்பதும் இல்லை. அந்த சந்தாவை நீங்களே சேர்ப்பது மேல்.

சாமான் விலை ஏறும், ஐந்து வருடத்துக்கு வட்டி ஏறாது. அந்த இடைவெளிக்கு மகனிடம் மாதம் 1,500 கேளுங்கள். கூச்சமே வேண்டாம்.

உங்கள் வீட்டால் ஒரு லாபமும் உண்டு, ஒரு செலவும் உண்டு. ஷிட்ஸுவுக்குச் சப்பை மூக்கு, வெயில் தாங்காது. சென்னை அடுக்குமாடியில் இதற்காகவே ஏசி ஓடும். உங்கள் கனத்த சுண்ணாம்புச் சுவரும் வளவின், அதாவது உள்முற்றத்தின், காற்றும் பாதி மின்கட்டணத்தை மிச்சப்படுத்தும். சித்திரை வைகாசி மதியத்தில்தான் ஏசி தேவைப்படும். ஆனால் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் அதன் கால் வழுக்கும். உள்ளங்காலில் முடி வளர வளர இன்னும் மோசம். சின்ன நாய்களுக்கு முழங்கால் சிப்பி விலகுவது சாதாரணம், அறுவை என்று போனால் அரை லட்சம் ஆகலாம். வளவிலும் அது நடக்கும் வழியிலும் கயிற்றுப் பாய் விரித்துவிடுங்கள், திண்ணையில் இருந்து குதிக்க விடாதீர்கள். அப்புறம், சாப்பாட்டு இலையில் இருந்து எடுத்துப் போடும் பழக்கமே வேண்டாம். சின்ன வெங்காயமும் பூண்டும் இல்லாத குழம்பு நம் வீட்டில் ஏது? இரண்டுமே நாயின் ரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும். வெறும் சோறும் எலும்பில்லாத வேகவைத்த கோழியும் போதும்.

இப்போது உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். ஷிட்ஸு 14 வருடம் சர்வசாதாரணமாக இருக்கும். அப்போது உங்களுக்கு 80. அதனால் எனக்குத் தோன்றுவது, குட்டி வேண்டாம். நாலைந்து வயது ஆன நாயை எடுங்கள். வெளிநாடு போகிறவர்கள், வீடு மாறுகிறவர்கள் நல்ல நாயை நல்ல கைக்குக் கொடுக்கத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். கடித்துக் குதறும் பருவம் தாண்டியிருக்கும், வெளிக்குப் போகவும் பழகியிருக்கும். மகன் கொடுக்கும் 35,000 அப்படியே அவசர வைத்தியத்துக்கு வைப்பாகிவிடும். குட்டிதான் வேண்டும் என்று மனம் சொன்னால், மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்தவரிடம் வாங்குங்கள். 8 வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்பது 2017 விதி.

நாயின் பெயரில் சொத்து எழுதச் சட்டத்தில் இடம் இல்லை. அதைப் பார்த்துக்கொள்ள ஒப்புக்கொள்கிற ஆளின் பெயரில்தான் எழுத முடியும். இன்ன கணக்கில் உள்ள இவ்வளவு பணம், என் நாயை அதன் ஆயுள்வரை பராமரிப்பதற்காக இன்னாருக்கு என்று உயிலில் ஒரு பத்தி போதும். இரண்டு சாட்சிக் கையெழுத்து வேண்டும். பணம் பெறுகிறவரையே சாட்சியாக வைக்காதீர்கள். பதிவு கட்டாயம் இல்லை, ஆனாலும் செய்துவிடுங்கள்.

அந்த ஆள் மகளாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். சென்னை வீட்டில் நாய்க்கு இடம் உண்டா, மருமகனுக்குச் சம்மதமா என்று வைப்பு முதிர்வதற்குள் பேசிவிடுங்கள். முடியாது என்றால் உதவிக்கு வரும் அந்தப் பெண்ணிடம் கேளுங்கள். யார் சரி என்கிறார்களோ, தபால் நிலையத்தில் கணக்கு தொடங்கும் அன்றே அவர் பெயரை வாரிசுதாரராகப் போட்டுவிட்டு, அப்புறம் நாயைக் கூட்டி வாருங்கள்.