பெயர் தெரியாதவரும் பெயர் சொல்லாதவரும்

கேள்வி: வழக்குரைஞர் அலுவலகம் ஒன்றில் ஆங்கில ஆவணங்களைத் தமிழாக்கும் பணியில் இருக்கிறேன். ‘அனானிமஸ்’, ‘அன்நோன்’, ‘அன்ஐடென்டிஃபைட்’, ‘அன்ஐடென்டிஃபையபிள்’ ஆகிய நான்கையும் ‘அடையாளம் தெரியாத’ என்றே எழுதி வருகிறேன். நான்கும் ஒரே பொருள் தரும் சொற்கள்தாமே?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: அகராதியில் இவை அருகருகே நிற்கும் சொற்கள்தாம். ஆனால் நீங்கள் பார்க்கும் வேலையில் ஒன்றின் இடத்தில் இன்னொன்றை வைத்தால் பொருளே மாறிவிடும் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

‘அன்நோன்’ என்பது யாரென்று தெரியவில்லை என்பதோடு நின்றுவிடும். ‘அன்ஐடென்டிஃபைட்’ என்றால் இதுவரை அடையாளம் காணப்படவில்லை, நாளை காணப்படலாம் என்று பொருள். ‘அன்ஐடென்டிஃபையபிள்’ என்ற சொல் அந்த வாய்ப்பையும் மறுத்து, அடையாளம் காணவே இயலாது என்கிறது. காவல் நிலைய வாசலில் ஒட்டப்படும் அறிவிப்பை நினைத்துப் பாருங்கள். ‘பெயர், விலாசம் தெரியாத ஆண் பிரேதம், சுமார் 55 வயது மதிக்கத்தக்கவர், வலது முன்கையில் பச்சை குத்தியுள்ளது, நீல நிறக் கட்டம் போட்ட கைலி’ என்று அது தொடரும். பச்சை குத்தியதையும் கைலியின் நிறத்தையும் எழுதுவதே, அதைப் படித்துவிட்டு அவருடைய வீட்டார் யாரேனும் வருவார்கள் என்ற நம்பிக்கையில்தான். அந்த மனிதரை ‘அடையாளம் காண முடியாதவர்’ என்று நாம் எழுதிவிட்டால், தேடிக்கொண்டிருக்கும் குடும்பத்தின் முகத்தில் கதவைச் சாத்துகிறோம். ‘இதுவரை அடையாளம் காணப்படாத’ என்று எழுதுவதே முறை.

இந்த வேறுபாட்டை உணர்த்தும் நிகழ்ச்சி ஒன்று அமெரிக்க வரலாற்றில் உண்டு. வியட்நாம் போரில் இறந்த வீரர் ஒருவரின் எச்சங்களை, இன்னாரென்று உறுதி செய்ய இயலாத நிலையில், 1984-இல் ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் உள்ள பெயர் தெரியா வீரர் நினைவிடத்தில் அரசு மரியாதையுடன் அடக்கம் செய்தார்கள். 1998-இல் அவற்றை வெளியே எடுத்து மரபணுச் சோதனை செய்தபோது, அவர் 1972-இல் சுட்டு வீழ்த்தப்பட்ட விமானி மைக்கேல் பிளாஸி என்பது தெரியவந்து, எச்சங்கள் குடும்பத்தாரிடம் ஒப்படைக்கப்பட்டன. பதினான்கு ஆண்டுகள் அங்கே கிடந்தவர் ‘அன்ஐடென்டிஃபைட்’ ஆக இருந்தாரே தவிர, ‘அன்ஐடென்டிஃபையபிள்’ ஆக ஒருபோதும் இருக்கவில்லை. அந்த நினைவிடத்தின் பெயரிலும் ‘அன்நோன்’ என்ற சொல்தான் இருக்கிறது. போர்க்களத்தில் பெயரை இழந்தவரை ‘அனானிமஸ்’ என்று ஆங்கிலேயரும் அமெரிக்கரும் அழைப்பதில்லை.

இனி ‘அனானிமஸ்’. ‘இல்லாத’ என்று பொருள்படும் ‘அன்’ என்ற முன்னொட்டும், பெயரைக் குறிக்கும் சொல்லும் சேர்ந்த கிரேக்கச் சொல் இது. வடமொழி வழியே நமக்கு வந்த ‘அநாமதேயம்’ என்பதன் அமைப்பும் இதுவே. கிரேக்கச் சொல்லும் ‘நாமம்’ என்ற சொல்லும் ஒரே வேரில் பிறந்தவை. கடிதம், நன்கொடை, தகவல், புகார் போன்றவற்றோடு பெயர் இணைக்கப்படாதபோது இந்தச் சொல் வரும். பெரும்பாலும் அனுப்பியவர் தம் பெயரை வேண்டுமென்றே விட்டிருப்பார். கையெழுத்தில்லாமல் வரும் புகாருக்கு ‘மொட்டைக் கடிதம்’ என்ற அருமையான சொல் நம்மிடம் இருக்க, ‘அடையாளம் தெரியாத கடிதம்’ என்று எழுதுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அடையாளம் தெரியாதது கடிதமா, எழுதியவரா?

கேள்வி: மருத்துவமனைக்கு உதவிய ஒருவரை ‘அநாமதேய நன்கொடையாளர்’ என்று எழுதினேன். அவருக்குப் பிடிக்கவில்லை. என்ன தவறு?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: இலக்கணத் தவறு எதுவும் இல்லை. ஆனால் ‘யாரோ ஓர் அநாமதேயப் பேர்வழி’ என்று இகழ்ச்சியாகவே பேசிப் பேசி, தமிழில் அந்தச் சொல்லின் மீது ஒரு கறை படிந்துவிட்டது. ஆங்கிலத்தில் அப்படியில்லை, ‘அனானிமஸ் டோனர்’ என்பது மரியாதையான தொடர். ‘பெயர் வெளியிட விரும்பாத அன்பர்’ என்று எழுதுங்கள். ‘ரிமெய்ன் அனானிமஸ்’ என்ற தொடருக்கும் அதுவே பொருந்தும். உயர்ந்தவர் ஒருவர் தம்மை மறைத்துக்கொண்டு உலவினால் அதற்கு ‘இன்காக்னிட்டோ’ என்பார்கள். நம் கதைகளில் அரசர் மாறுவேடத்தில் நகர்சோதனைக்குப் போவது இதுதான். புனைபெயரில் எழுதுபவர் ‘சூடோனிமஸ்’. அவருக்குப் பெயர் இருக்கிறது, இயற்பெயர்தான் மறைந்திருக்கிறது.

கேள்வி: குறுந்தொகையின் மீனெறி தூண்டிலாரை ஆங்கிலத்தில் ‘அனானிமஸ்’ என்று குறிப்பிடலாமா?
– கல்லூரி மாணவர், தஞ்சாவூர்

பதில்: ஆசிரியர் பெயர் காலத்தில் தொலைந்த பாடலுக்கு அடியில் ‘அனான்’ என்று சுருக்கி அச்சிடுவது ஆங்கில வழக்கம் என்பதால், அதைத் தவறென்று சொல்ல மாட்டேன். ஆனாலும் நான் அப்படி எழுத மாட்டேன். 54-ஆம் பாடலில், கவண் ஒலி கேட்டு யானை கைவிட்ட பசுமூங்கில், மீனைப் பறித்தெடுக்கும் தூண்டில் போல விசைத்து மேலெழுகிறது. அந்த உவமையிலிருந்தே அவருக்குப் பெயர் சூட்டினார்கள். செம்புலப்பெயனீராருக்கும் ஓரேருழவனாருக்கும் இப்படியே பெயர் வாய்த்தது. ஆகவே அந்தப் பெயரை ஒலிபெயர்த்துப் பாடலின் கீழே இடுங்கள். இயற்பெயர் தெரியவில்லை என்பதற்கு அடிக்குறிப்பில் ‘அன்நோன்’ என்ற சொல் போதும்.