பொண்ணு மேத்ஸ்லயே மேல படிக்கணும்ங்கிறா, பி.எட். சேத்துரலாமான்னு கேட்ட அப்பாவுக்கு

வணக்கம் சார். நீங்க அனுப்புன வாய்ஸ் மெசேஜ் மூணையும் கேட்டேன், ரெண்டாவதுல பஸ் ஹாரன் சத்தத்துல பாதி காதுல விழல, ஆனா கவலை நல்லாவே விழுந்துச்சு. பொண்ணு பி.எஸ்சி. மேத்ஸ் மூணாவது வருஷம், எம்.எஸ்சி., அப்புறம் பிஎச்.டி.ன்னு ஒத்தக்கால்ல நிக்கிறா, நீங்க பி.எட். போட்டுட்டா டீச்சர் வேலையாவது நிச்சயம்னு நினைக்கிறீங்க, வீட்ல ரெண்டு பேரும் முகம் குடுத்து பேசி பத்து நாளாச்சு.

மொதல்ல அந்த பி.எட்.ட எடுத்துக்குவோம், உங்க கணக்கு அங்கதான் கொஞ்சம் இடிக்குது. பி.எட். இப்போ ரெண்டு வருஷம். பி.எஸ்சி. முடிச்ச கையோட அத பண்ணா டெட்ங்கிற ஆசிரியர் தகுதித் தேர்வுல ரெண்டாம் தாள் எழுதி பி.டி. அசிஸ்டன்ட், அதாவது பட்டதாரி ஆசிரியர் வேலைக்கு போகலாம், ஆனா டெட் பாஸ் பண்ணிட்டா வேலைன்னு இல்ல, அதுக்கு மேல டி.ஆர்.பி., அதாவது ஆசிரியர் தேர்வு வாரியம், தனியா ஒரு போட்டித் தேர்வு வைக்கிறாங்க. அதே பி.எட்.ட எம்.எஸ்சி. முடிச்சிட்டு பண்ணா பிஜி அசிஸ்டன்ட், 11, 12ஆம் வகுப்புக்கு கணக்கு எடுக்கலாம், அதுக்கு டெட்டும் தேவையில்ல. ரெண்டையும் எந்த வரிசையில படிச்சாலும் மொத்தம் நாலு வருஷம்தான். ஆனா இப்போ ரெண்டு வருஷம் பாடத்திட்டம், டீச்சிங் பிராக்டிஸ்னு போயிட்டு திரும்பி வந்து அல்ஜீப்ராவும் அனாலிசிஸும் எடுத்தா கை வராது சார், நான் பாத்திருக்கேன். பி.எட். எங்கயும் ஓடிப் போயிடாது, அத பின்னாடி தள்ளி வைங்க.

இப்போ அவ ஆசைப்படுற பக்கம். எம்.எஸ்சி. மேத்ஸ்க்கு பெரிய வாசல் ஜாம் தேர்வு, ஐஐடிகள் நடத்துறது, ஐஐடி மெட்ராஸ், திருச்சி என்ஐடி, பெங்களூரு ஐஐஎஸ்சில எம்.எஸ்சி.யும் சேந்தே வர்ற இன்டக்ரேட்டட் பிஎச்.டி. எல்லாத்துக்கும் இதுதான். வழக்கமா செப்டம்பர், அக்டோபர்ல அப்ளிகேஷன், பிப்ரவரில பரீட்சை, ஃபைனல் இயர்ல இருக்கும்போதே எழுதலாம், வயசு வரம்பு கிடையாது. மூணு மணி நேரம், 60 கேள்வி, 100 மார்க். இதுல 20 கேள்விக்கு ஆப்ஷனே இருக்காது, நம்பர கண்டுபிடிச்சு டைப் அடிக்கணும், இன்னொரு 10 கேள்வில சரியான விடை ஒண்ணுக்கு மேலயும் இருக்கலாம், எல்லாத்தையும் சரியா தொட்டாதான் மார்க். இங்கதான் நம்ம பிள்ளைங்க திணறுறாங்க. போன வருஷம் ஒரு பொண்ணு வந்தா, காலேஜ்ல 90 சதவீதத்துக்கு மேல, மாக் டெஸ்ட்ல எடுத்தது 14. அழுதுட்டா. அவளுக்கு மூளை இல்லன்னு இல்ல சார், செமஸ்டர்ல ஸ்டேட் அண்ட் ப்ரூவ்னு அதே பத்து தியரம்தான் மாறி மாறி வரும், மனப்பாடம் பண்ணி எழுதிடலாம், இந்த தியரத்துல ஒரு கண்டிஷன எடுத்துட்டா என்ன ஆகும்னு அவள யாரும் கேட்டதே இல்ல. ஆறு மாசம் அந்த ஒரு கேள்வியவே கேட்டு கேட்டு படிச்சா, பரவாயில்லாம வந்துட்டா.

சிறுசேரில இருக்குற சென்னை கணிதவியல் நிறுவனம், சிஎம்ஐன்னு சொல்லுவாங்க, அதுக்கும் ஐஎஸ்ஐ, அதாவது இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தோட எம்.மேத் படிப்புக்கும் தனித்தனி பரீட்சை, வழக்கமா மே மாசம். அங்க விடை மட்டும் போதாது, நிரூபிச்சு எழுதணும். ஜாம்க்கு ஸ்பீடு, இதுக்கு நிதானம், ரெண்டுக்கும் ஒரே மாதிரி தயார் பண்ணா ரெண்டும் போயிடும். பழைய கேள்வித்தாள் அவங்க வெப்சைட்லயே கிடைக்கும், இந்த ஞாயித்துக்கிழமை ஒரு பேப்பர மூணு மணி நேரம் உக்காந்து எழுதச் சொல்லுங்க, மார்க் வருதா வரலையான்னு பாக்காதீங்க, மூணு மணி நேரம் எந்திரிக்காம உக்காந்திருந்தாளா, முடிச்சதும் வராத கணக்க திரும்ப எடுத்து பாக்குறாளான்னு மட்டும் பாருங்க. பிஎச்.டி. ஆசை நெசமா இல்ல காலேஜ் பிரெண்ட்ஸ் சொல்லி வந்ததான்னு அதுலயே பாதி தெரிஞ்சிடும். சிஎம்ஐல பீஸ் கூடதான், மெரிட் பாத்து குறைக்கவும் செய்றாங்க, பீஸ பாத்துட்டு அப்ளை பண்ணாம விட்றாதீங்க. இது போக சியூஇடி பிஜின்னு ஒரு பொது நுழைவுத் தேர்வு, அத எழுதுனா திருவாரூர் மத்திய பல்கலை, பாண்டிச்சேரி யுனிவர்சிட்டி ரெண்டுக்கும் போடலாம்.

எதுவும் கிடைக்கலைன்னா? ஒரு வருஷம் வீட்ல உக்காந்து ப்ரிப்பேர் பண்றேன்னு சொன்னா ஒத்துக்காதீங்க, அதுல மட்டும் நான் உங்க கட்சி. பக்கத்துல இருக்குற கவர்மென்ட் காலேஜ்ல எம்.எஸ்சி. சேத்துருங்க, செலவும் கம்மி. எம்.எஸ்சி.ல 55 சதவீதம் இருந்தா, ஒதுக்கீட்டுல அதுக்கும் கொறைவா இருந்தாலே, சிஎஸ்ஐஆர் நெட்ங்கிற தேசிய தகுதித் தேர்வ எழுதலாம், எந்த காலேஜ்ல படிச்சேன்னு அங்க யாரும் கேக்கப் போறதில்ல. அதுல ஜேஆர்எஃப்ங்கிற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கிட்டா மாசம் 37,000 ரூபா, 2023லேர்ந்து இந்த தொகை, கூட வாடகைப்படி வேற. அந்த காச கையில வச்சிட்டு பிஎச்.டி.க்கு கைடு தேடுறதும் வெறுங்கையோட தேடுறதும் ஒண்ணு இல்ல. ஜேஆர்எஃப் வரலன்னாலும் நெட் மட்டும் வந்தா அசிஸ்டன்ட் புரொபசர் தகுதி இருக்கு.

வெளிநாடு பத்தி கேட்டிருந்தீங்க. இப்போ வேணாம். அமெரிக்காவுல நேரா பிஎச்.டி.க்கு போடலாம், கிளாஸ் எடுத்தா சம்பளமும் உண்டு, ஆனா நம்ம மூணு வருஷ டிகிரிய பல யுனிவர்சிட்டி ஏத்துக்கறதில்ல, மூணு புரொபசர்கிட்டேர்ந்து சிபாரிசு லெட்டர் வேற கேப்பாங்க. பொண்ணே டைப் பண்ணி எச்ஓடி கையெழுத்து போட்ட லெட்டர் அங்க செல்லாது, இவ என்ன கணக்கு போட்டா, எங்க மாட்டுனா, எப்படி வெளிய வந்தான்னு எழுதுற வாத்தியார் வேணும். எம்.எஸ்சி.ல அப்படி ரெண்டு பேர சம்பாதிக்கட்டும், அப்புறம் பாப்போம்.

நீங்க பேக்கப்னு கேட்டது நியாயம். பிஎச்.டி. அஞ்சாறு வருஷம், அப்புறம் போஸ்ட்டாக்னு தற்காலிக ஆராய்ச்சி வேலை, நிரந்தர வேலை வர்றதுக்கு முப்பத்திரெண்டு முப்பத்திமூணு ஆயிடும், இத நான் மறைக்க மாட்டேன், அவகிட்டயும் சொல்லுங்க. கல்யாணம்ங்கிற வார்த்தைய மூணு மெசேஜ்லயும் நீங்க சொல்லல, ஆனா எனக்கு கேட்டுச்சு. அத இந்த முடிவோட கலக்காதீங்க சார், எம்.எஸ்சி. முடிக்கும்போது அவளுக்கு 22 தான்.

ராமானுஜனே போர்ட் டிரஸ்ட்ல 30 ரூபா சம்பளத்துக்கு கிளார்க்கா இருந்தவர்தானேன்னு ஆறுதல் சொல்றவங்க பேச்ச விட்ருங்க, அவர் கதை நமக்கு ஒத்து வராது. எம்.எஸ்சி.யோட விலகுனா அவ கையில என்ன இருக்கும்னு பாருங்க. பிஜி அசிஸ்டன்ட் வேலை முன்னாடியே சொன்னேன். மத்திய அரசு வேலைக்கான எஸ்எஸ்சி சிஜிஎல் தேர்வுல ஜூனியர் ஸ்டாட்டிஸ்டிகல் ஆபீசர்னு ஒரு போஸ்ட் இருக்கு, பிளஸ் டூ மேத்ஸ்ல 60 சதவீதம் இருந்தா போடலாம், நம்ம ஊர்ல பாதி பேருக்கு இது தெரியவே தெரியாது. பேங்க் எக்ஸாம் எப்பவும் இருக்கு. ஆக்சுவரி, அதாவது இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ரிஸ்க் கணக்கு போடுறவங்க, ஆகணும்னா ஏசிஇடி நுழைவுத் தேர்வு, அதுக்கப்புறம் ஒவ்வொரு பேப்பரா வருஷக்கணக்கா எழுதணும், ப்ராபபிலிட்டி பிடிச்சவங்களுக்குத்தான் அது. டேட்டா வேலைன்னா பைத்தான், எஸ்க்யூஎல், கொஞ்சம் ஸ்டாட்டிஸ்டிக்ஸ், இந்த மூணும் எம்.எஸ்சி. படிக்கும்போதே வாரத்துக்கு நாலு மணி நேரம் ஒதுக்குனா வந்துடும், இதுக்குன்னு லட்ச ரூபா வாங்குற கோர்ஸ்ல கொண்டு போய் சேத்துராதீங்க.

அஞ்சு செமஸ்டர் மார்க் ஷீட்டையும் போட்டோ எடுத்து அனுப்புங்க, டோட்டல் வேணாம், ரியல் அனாலிசிஸ், அல்ஜீப்ரா மார்க் தெளிவா தெரியணும். அடுத்த தடவ போன் பண்ணும்போது ஸ்பீக்கர்ல போடுங்க, அவளும் பக்கத்துல இருக்கட்டும்.