கொடி மாடி ஏறிவிட்டது, பூ மட்டும் வரவில்லை: மார்னிங் குளோரி பற்றி ஒரு வாசகிக்குப் பதில்

கேள்வி: ஐயா, வணக்கம். எங்கள் ஊர் கள்ளக்குறிச்சி பக்கம். ஆடிப்பெருக்கு அன்று மார்னிங் குளோரி விதை போட்டேன். பாக்கெட்டில் நீலப் பூ படம் இருந்தது. 20 விதையில் 7 தான் முளைத்தது. ஆறு செடியை முன்வாசல் கேட்டை ஒட்டி விட்டு, ஒன்றை மட்டும் கொல்லையில் கிணற்றடியில் விட்டேன். இப்போது கார்த்திகை பிறந்துவிட்டது. முன்பக்கக் கொடிகள் மொட்டை மாடி வரைக்கும் போய்விட்டன, இலை உள்ளங்கையைவிட அகலம், ஆனால் ஒரு மொட்டுகூட இல்லை. கவனிக்காமல் விட்ட கிணற்றடிச் செடி இடுப்பு உயரம்தான் இருக்கிறது, அதில் தினமும் நாலைந்து பூ! முன்பக்கத்துக்கு மாதம் ஒருமுறை மண்புழு உரம், வாரம் ஒருமுறை பஞ்சகவ்யம் கொடுக்கிறேன். இன்னும் என்ன சத்து போட வேண்டும்? காலையில் நீலமாக இருக்கிற பூ மதியத்துக்குள் சுருங்கி ரோஸ் நிறமாகிறதே, அது நோயா? கொடியைக் கழித்து ஆட்டுக்குப் போடலாமா? வீட்டுக்குப் பக்கத்திலேயே 20 சென்ட் சர்க்கரைவள்ளி போட்டிருக்கிறோம். இந்தக் கொடி நிலம் முழுக்கப் பரவிவிடும் என்று என் மாமியார் சொல்கிறார். படம் இணைத்திருக்கிறேன்.

பதில்: வணக்கம் அம்மா. சத்து எதுவும் போட வேண்டாம். இப்போது போடுகிறதையும் நிறுத்துங்கள். அதைவிட முக்கியமான விஷயம் நீங்கள் அனுப்பிய படத்திலேயே இருக்கிறது. கேட் தூணுக்கு மேலே ஒரு எல்இடி பல்பு, அதற்கு நாலடி தள்ளி தெருவிளக்குக் கம்பம். உங்கள் ஆறு கொடியும் அந்த இரண்டு வெளிச்சத்துக்கு நடுவில்தான் ராத்திரி முழுக்க நிற்கின்றன.

மார்னிங் குளோரி நீண்ட இரவு கிடைத்தால் பூக்கும் செடி. இலைதான் இருட்டு எத்தனை நேரம் நீடித்தது என்று கணக்கு வைக்கிறது. போதுமான இருட்டு தொடர்ச்சியாகக் கிடைத்தால் கணுக்களில் மொட்டு கட்டும், இல்லாவிட்டால் இலையும் தண்டுமாகவே போய்க்கொண்டிருக்கும். ஜப்பானில் இதை அசகாவோ என்று சொல்லி வீட்டுக்கு வீடு வளர்க்கிறார்கள், டோக்கியோவில் இரியா என்ற இடத்தில் ஜூலை மாதம் இந்தப் பூந்தொட்டிகளுக்கென்றே சந்தை கூடும். அந்த ஊர் ரகம் ஒன்றை வைத்துத்தான் செடிகள் இருட்டை அளக்கும் விதத்தை ஆராய்ச்சிக்காரர்கள் நிறையத் தெரிந்துகொண்டார்கள். அந்த ரகத்தின் நாற்றுக்கு ஒரே ஒரு நீண்ட இரவைக் காட்டினால் போதும், மொட்டு வைத்துவிடும். அதே இரவின் நடுவில் சில நிமிஷம் சிவப்பு வெளிச்சம் பட்டால் அந்த இரவே கணக்கில் சேராமல் போய்விடும். அப்படியிருக்க, விடிய விடிய எரிகிற விளக்கின் கீழே அது என்ன செய்யும்?

நம் ஊரில் ஆனி மாதத்தில்கூட இரவு ஏறத்தாழ 11 மணி நேரம் இருக்கிறது. கார்த்திகை, மார்கழியில் இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடுகிறது. அதனால் இயற்கை இருட்டு மட்டும் கிடைத்தால் இந்தக் கொடிக்கு நம்மிடம் எந்தக் குறையும் இல்லை. உங்கள் கிணற்றடிச் செடிதான் அதற்குச் சாட்சி. ஒரே பாக்கெட், ஒரே நாளில் போட்ட விதை. அதனால் விதையைக் குற்றம் சொல்ல வழியில்லை. அங்கே விளக்கும் இல்லை, உரமும் இல்லை.

இதில் எது காரணம், வெளிச்சமா உரமா என்று நீங்களே சோதித்துப் பார்க்கலாம். முன்பக்கக் கொடியில் கைக்கு எட்டுகிற ஒரு பக்கக்கிளையைத் தேர்ந்தெடுங்கள். ஏழெட்டு நல்ல இலையாவது அதில் இருக்க வேண்டும். சாயங்காலம் 6 மணிக்கு அந்தக் கிளையின் மேல் கெட்டியான கறுப்புத் துணிப் பையைத் தளர்வாக மாட்டி, காலை 6 மணிக்குக் கழற்றிவிடுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம், உள்ளே வேர்த்து இலை அழுகும். பத்து நாள் விடாமல் செய்யுங்கள். அடுத்த இரண்டு மூன்று வாரத்தில் அந்தக் கிளையில் மட்டும், இலைக்காம்பு தண்டோடு சேருகிற கக்கத்தில், நுனி முறுக்கிய சின்ன மொட்டு தெரிந்தால் குற்றவாளி விளக்குதான். அப்படி வராவிட்டால் உரத்தின் பக்கம் பார்க்கலாம்.

உங்கள் சொந்த பல்பை அணைப்பது உங்கள் கையில் இருக்கிறது. ஆனால் ராத்திரி பத்து மணிக்கு அணைக்கிறேன் என்றால் பத்து முதல் ஐந்தரை வரை ஏழரை மணி நேர இருட்டுதான் மிஞ்சும், அது போதாது. பொழுது சாய்ந்ததும் அணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பல்புக்கு மேல் ஒரு தகர மூடி போட்டு வெளிச்சம் வாசல்படியில் மட்டும் விழுகிற மாதிரி திருப்புங்கள். தெருவிளக்கை ஊராட்சியில் சொல்லி அணைக்க முடியாது, அணைக்கவும் கூடாது. அதனால் இந்த ஆறு கொடியோடு மல்லுக்கட்டுவதைவிட, கொல்லைப் பக்கம் புதிதாக விதை போடுவதே சுலபம். தை மாதத்தில் போட்டால் செடி சின்னதாக இருக்கும்போதே பூத்துவிடும். கொடி நன்றாகப் படர்ந்து பிறகு பூக்க வேண்டும் என்றால் ஆடிப்பட்டம்தான் சரி. கத்திரி வெயிலில் மட்டும் வேண்டாம், நாற்று தாங்காது.

உரம் விஷயத்துக்கு வருகிறேன். தோட்டம் வைக்கிற நிறையப் பேருக்கு இந்தப் பழக்கம் இருக்கிறது, பூ வரவில்லை என்றால் இன்னொரு கை உரம். மார்னிங் குளோரி இளைத்த மண்ணில் வளர்ந்து பழகியது. தழைச்சத்து கூடினால் இலை கரும்பச்சையாகும், கணுவுக்குக் கணு ஒரு சாண் இடைவெளி விழும், பூப்பது தள்ளிப்போகும். உங்கள் படத்தில் இது அத்தனையும் அப்படியே இருக்கிறது. மண்புழு உரம், பஞ்சகவ்யம், மீன் அமிலம் எல்லாவற்றையும் கத்திரிக்கும் வெண்டைக்கும் திருப்பிவிடுங்கள். புதிதாகத் தொட்டியில் வைப்பதானால் 12 அங்குலத் தொட்டி ஒன்றுக்கு இரண்டு செடி. பாதிக்கு மேல் செம்மண், கொஞ்சம் தென்னை நார்த்தூள், ஒரு கைப்பிடி மக்கிய தொழு உரம். அதோடு சரி. மொட்டு வைக்கிற சமயத்தில் வேண்டுமானால் ஒரு தேக்கரண்டி விறகுச் சாம்பலை மண்ணில் கிளறிவிடலாம். ஏற்கெனவே உவர்ப்பான மண், உப்புத் தண்ணீர் என்றால் அந்தச் சாம்பலும் வேண்டாம். வெயில் மட்டும் ஒரு நாளைக்கு ஆறு மணி நேரமாவது நேரடியாகப் பட வேண்டும்.

20 விதையில் 7 முளைத்ததற்கு விதை பழசு என்பது காரணமாக இருக்க வேண்டியதில்லை. இந்த விதையின் தோல் கல் மாதிரி கெட்டி, தண்ணீர் உள்ளே போகாது. ஆரஞ்சுச் சுளை வடிவத்தில் இருக்கும் விதையின் முதுகுப் பக்கத்தை உப்புத்தாளில் நாலைந்து இழுப்பு இழுங்கள், உள்ளிருக்கும் வெளிறிய நிறம் லேசாகத் தெரிந்தால் போதும். ஒரு முனையில் சின்னத் தழும்பு இருக்கும். முளைக்குருத்து அந்தப் பக்கம்தான், அதைத் தொட வேண்டாம். பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு ராத்திரி ஊறப் போடுங்கள். காலையில் உப்பியிருப்பதை ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்றுங்கள். உப்பாமல் கிடப்பதை இன்னொரு முறை உரசி ஊறப் போடுங்கள், தூக்கி எறிய வேண்டாம். ஐந்து முதல் பத்து நாளில் முளை வந்துவிடும். நாற்று விட்டுப் பிடுங்கி நடுவது இதற்கு ஒத்துவராது, ஆணிவேர் அறுந்தால் வாரக்கணக்கில் திகைத்து நிற்கும். நிற்கப்போகும் இடத்திலேயே ஊன்றுங்கள். அல்லது காகிதக் கப்பில் போட்டு, அடியைக் கிழித்துவிட்டு மண்ணோடு அப்படியே இறக்குங்கள்.

கொடிக்குப் பற்றுக்கம்பி கிடையாது, தண்டே சுற்றிக்கொண்டு ஏறும். ஆகவே சுவரிலோ தடித்த குழாயிலோ ஏறாது. சணல் கயிறு, மூங்கில் சிம்பு, கம்பி வலை இவற்றில் ஒன்று போதும். மேலேயிருந்து பார்த்தால் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றும். கையால் சுற்றிவிடும்போது அந்தத் திசையிலேயே விடுங்கள், மாற்றிவிட்டால் மறுநாள் காலை அவிழ்ந்து தொங்கும்.

பூ நிறம் மாறுவது நோய் இல்லை. கிணற்றடிச் செடியில் நாளைக்கு விரியப்போகிற மொட்டை இன்று மாலை பாருங்கள், அது செந்நீலமாக இருக்கும். விரியும்போது இதழின் செல்களுக்குள் இருக்கிற சாற்றில் அமிலத்தன்மை குறைந்து, அதே நிறமி வான நீலத்துக்கு மாறுகிறது. ‘ஹெவன்லி புளூ’ என்ற ரகத்தில் இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள், மொட்டில் 6.6 ஆக இருக்கும் கார அமில நிலை (pH) மலர்ந்த பூவில் 7.7 வரை போகிறது. வாடும்போது திரும்பவும் ரோஸ் ஆகிறது. ஒரு பூவுக்கு ஆயுள் ஒரு காலைப்பொழுதுதான். வெயில் ஏறினால் ஒன்பது, பத்து மணிக்குள் சுருண்டுவிடும், மூடிய வானம் என்றால் மதியம் வரை நிற்கும். இது மலர்கிற நேரத்தைத் தீர்மானிப்பதுகூட முந்தின நாள் மாலை இருட்டுதான். இருட்டத் தொடங்கி ஏறக்குறைய பத்து மணி நேரத்தில் இதழ் விரியும். முழுப் பூ பார்க்க ஆசையிருந்தால் வாசல் தெளிக்கிற நேரத்திலேயே போய்ப் பாருங்கள்.

பூச்சி என்று பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். இலையில் வட்ட வட்டமாக ஓட்டை விழுந்தால் ஆமை வண்டு. தங்க நிறத்தில் பளபளவென்று இருக்கும், கையால் பொறுக்கிவிடலாம். ஒரே ராத்திரியில் கிளை மொட்டையாகி, கீழே மிளகு பருமனில் கறுப்பு எச்சம் கிடந்தால் வால் பக்கம் கொம்பு வைத்த பெரிய புழு ஒன்று மேலே எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அதுவும் கைவேலைதான். வெள்ளை ஈயும் அசுவினியும் வந்தால் லிட்டருக்கு 5 மில்லி வேப்ப எண்ணெயைக் கொஞ்சம் காதி சோப்புக் கரைசலோடு கலக்கி, மாலை நேரத்தில் இலையின் அடிப்பக்கம் படும்படி தெளியுங்கள்.

ஆட்டுக்குக் கண்டிப்பாகப் போடாதீர்கள். ஏரிக்கரையில் மண்டிக் கிடக்கிற நெய்வேலிக் காட்டாமணக்கு இதே இனத்தைச் சேர்ந்ததுதான். வறட்சியில் வேறு வழியில்லாமல் அதைத் தொடர்ந்து தின்ற ஆடுகள் நடுங்கித் தள்ளாடுவதைப் பார்த்திருப்பீர்கள். மார்னிங் குளோரியின் விதையிலும் மயக்கமும் வாந்தியும் உண்டாக்கும் பொருள்கள் இருக்கின்றன. சர்க்கரைவள்ளிக் கொடியும் இதற்குச் சொந்தம்தான், அதை ஆடு தாராளமாகத் தின்கிறதே என்று கேட்பீர்கள். சொந்தம் என்பதற்காகக் குணம் ஒன்றாக இருக்க வேண்டுமா? வள்ளிக்கொடியைப் போடுங்கள், இதைக் கழித்தால் குப்பைக்குழியில் போட்டு மூடுங்கள். வீட்டில் சின்னக் குழந்தைகள் இருந்தால் காய்ந்த விதை அவர்கள் கைக்கு எட்டாமல் இருக்கட்டும்.

அந்தச் சொந்தம்தான் உங்கள் 20 சென்டுக்கும் தொல்லை. சர்க்கரைவள்ளிக் கிழங்கைக் குடைகிற கூன்வண்டு, கிழங்கு இல்லாத காலத்தில் இந்த இனக் காட்டுக் கொடிகளில் தங்கிக்கொள்ளும். வெள்ளை ஈ பரப்புகிற இலைச்சுருள் நச்சுயிரியும் இரண்டுக்கும் பொது. ஆகவே வரப்பிலோ வயல் வேலியிலோ மார்னிங் குளோரியை ஏற்ற வேண்டாம். கிணற்றடிச் செடி வயலை ஒட்டியிருந்தால், புதிய விதையை வீட்டின் வேறு பக்கம் இருட்டான மூலையில் ஊன்றிக்கொண்டு, இதை இந்தப் பருவத்தோடு எடுத்துவிடுங்கள். கிழங்கு எடுத்ததும் நிலத்தில் கிடக்கிற துண்டுக் கிழங்கையும் பழைய கொடியையும் பொறுக்கிவிட்டாலே வண்டு பாதி குறையும். திருவனந்தபுரத்தில் இருக்கும் மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் பரிந்துரைக்கிற, வண்டை வாசனையால் இழுத்துப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறியையும் வைக்கலாம்.

பரவிவிடும் என்று மாமியார் சொல்வது பாதி சரி. நீங்கள் வைத்திருப்பது ஒரு பருவத்துக் கொடி, விதை முற்றியதும் காய்ந்துவிடும். ஐந்து விரல் விரித்த மாதிரி இலையுள்ள ரயில் கொடிதான் ஆபத்து, அது வருஷக்கணக்கில் இருக்கும், அறுத்துப் போட்ட தண்டுகூட வேர் பிடிக்கும். யாராவது அதைக் கொடுத்தால் வாங்காதீர்கள். சிவப்புப் பூவும் மெல்லிய இலையும் வேண்டும் என்றால் மயில்மாணிக்கம் வைக்கலாம், அதுவும் தானே விழுந்து முளைக்கும், ஆனால் கைக்குள் அடங்கும்.

உங்கள் கொடி பரவுவது விதையால் மட்டும்தான். பூ வாடி ஒரு மாதம் கழித்துக் காய் பழுப்பாகி, காம்பு கீழே வளையும். அப்போதே பறித்து, நிழலில் உலர்த்தி, காகித உறையில் தேதி எழுதி வையுங்கள். வெடித்துச் சிதற விட்டால் அந்தக் கெட்டித் தோல் விதை மண்ணில் பல வருஷம் கிடந்து, மழைக்கு மழை கொஞ்சம் கொஞ்சமாக முளைக்கும். இதன் வித்திலை இரண்டும் நடுவில் ஆழமாகப் பிளந்திருக்கும், வேறு களையோடு குழப்பமே வராது. களை எடுக்கும்போது அந்த நாற்று வயலில் தென்பட்டால் இரண்டு இலையிலேயே பிடுங்கிவிடுங்கள். மூன்றாவது இலை வந்துவிட்டால் ஆணிவேர் ஆழமாக இறங்கியிருக்கும், இழுத்தால் தண்டு அறுந்து வேர் உள்ளே நின்றுவிடும்.