சான்பிரான்சிஸ்கோவில் அமெரிக்கா கோப்பை நடந்தபோது உள்ளூர்ப் பாய்மரப் பந்தயங்கள் நின்றுபோயினவா? நேரில் பார்த்தவர் யாராவது சொல்ல முடியுமா?

நிற்கவில்லை. 2013இல் நான் விரிகுடாவின் கிழக்குக் கரையில், பெர்க்லியில் குடியிருந்தேன். அந்தச் செப்டம்பரில் லீவு போட்ட பகல்களில் நகரப் பக்கம் போய் மரீனா கிரீன் புல்வெளியில் நின்று கோப்பைப் போட்டியைப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை மாலைகளில் 22 அடிப் படகு ஒன்றில் நானே பந்தயத்துக்குப் போனேன். ஒரே விரிகுடா, ஒரே காற்று. நீங்கள் கேட்பதற்கு என்னால் அங்கிருந்துதான் பதில் சொல்ல முடியும்.

கோப்பையைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. இந்தப் பெயர் நாட்டின் பெயரால் வந்ததல்ல. 1851இல் இங்கிலாந்தின் வைட் தீவைச் சுற்றி நடந்த பந்தயத்தில் ‘அமெரிக்கா’ என்ற படகு வென்ற கோப்பை இது. வென்ற சங்கம்தான் அடுத்த போட்டியை நடத்த வேண்டும். 2010இல் ஸ்பெயினின் வலென்சியாவில் ஆரக்கிள் அணி, கோல்டன் கேட் யாட் கிளப் என்ற சிறிய சங்கத்தின் சார்பில் வென்றது. அப்படித்தான் போட்டி எங்கள் விரிகுடாவுக்கு வந்தது.

வந்த படகுகளோ அதுவரை யாரும் பார்த்திராத ரகம். 72 அடி நீளம், இரட்டை உடல், துணிப்பாய்க்குப் பதிலாக 40 மீட்டர் உயரத்தில் விமான இறக்கை போன்ற விறைப்பான இறகுப்பாய். கேட்டமரான் என்று உலகம் சொல்வது நம் ‘கட்டுமரம்’ என்ற சொல்லிலிருந்து போனதுதான், படகின் அமைப்பு வேறென்றாலும். அந்தச் சொல்லை ஒலிபெருக்கியில் கேட்கும்போதெல்லாம் எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். வேகம் பிடித்ததும் இரண்டு உடல்களும் தண்ணீரை விட்டு எழும்பிவிடும். அடியில் இருக்கும் மெல்லிய தகடுகள் மட்டும் நீரில் நிற்கும். மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேலும் போனார்கள். முதல் தடவை அது கரையை ஒட்டிக் கடந்தபோது பக்கத்தில் இருந்த யாரும் எதுவும் பேசவில்லை.

சரி, உள்ளூர்ப் பந்தயங்கள். போட்டி நாட்களில் பிற்பகலில் கடலோரக் காவல்படை நகரக் கரையோரத் தண்ணீரை அடைத்துவிடும். அந்தப் பக்கம் பந்தயம் நடத்துகிறவர்கள் அதற்கேற்ப நாளையும் பாதையையும் மாற்ற வேண்டியிருந்தது. எங்கள் பெர்க்லி பக்கம் அந்தத் தொல்லை இல்லை. ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை வெள்ளிக்கிழமை மாலைப் பந்தயம் எப்போதும்போல நடந்தது. மரக்கட்டைப் படகு, பழைய ஃபைபர் படகு, புதிய வேகப் படகு எல்லாம் ஒன்றாகக் கிளம்பும். ஒவ்வொரு படகு ரகத்துக்கும் மைலுக்கு இத்தனை விநாடி என்று ஒரு சலுகைக் கணக்கு உண்டு. மெதுவான படகுக்குச் சலுகை அதிகம். கடைசியாகக் கோட்டைக் கடந்தவர் கணக்குப் பார்த்தபின் முதல் இடத்துக்கு வந்துவிடலாம்.

நான் ஏறிய படகு சாண்டனா 22. அறுபதுகளில் இந்த விரிகுடாவின் காற்றுக்கென்றே வரைந்ததுபோல் கெட்டியான சின்னப் படகு. ஸ்கிப்பர், அதாவது படகை நடத்துபவர், ஓய்வுபெற்ற ஆசிரியை. எனக்குப் படகைப் பற்றி ஒன்றும் தெரியாத காலத்திலேயே ஏற்றிக்கொண்டார். அதற்குமுன் பெர்க்லியில் தன்னார்வலர்களே நடத்தும் கால் செய்லிங் கிளப்பில் சில மாதம் கயிறு பிடிக்கக் கற்றிருந்தேன், அவ்வளவுதான்.

அவரிடம் நான் கற்ற முதல் பாடம் தண்ணீர். எல்லோரும் காற்றைப் பார்ப்பார்கள். அவர் கிளம்புமுன் ஓதக் கணக்கை, அதாவது கடல்நீர் ஏறி இறங்கும் நேரக் கணக்கைப் பார்ப்பார். இந்த விரிகுடாவின் தண்ணீர் முழுவதும் கோல்டன் கேட் என்ற ஒரே வாசல் வழியாக நாளுக்கு இரண்டு முறை ஏறி இரண்டு முறை இறங்குகிறது. வாசலருகே நீரோட்டம் சில நாள் 4, 5 நாட் வேகத்தில் ஓடும் (ஒரு நாட் என்பது மணிக்குச் சுமார் 1.85 கிலோமீட்டர்). எங்கள் படகு முழு மூச்சில் போனாலே 5, 6 நாட்தான். எதிர்நீரில் மாட்டினால் பாய் புடைத்து நிற்கும், படகு சலசலவென்று தண்ணீரை வெட்டும், ஆனால் கரையைப் பார்த்தால் நின்ற இடத்திலேயே நிற்போம்.

அந்த ஜனவரியில் நாங்கள் இரண்டு பேராகத் த்ரீ பிரிட்ஜ் ஃபியாஸ்கோ பந்தயத்துக்குப் போயிருந்தோம். ஒருவரோ இருவரோ மட்டும் ஓட்டும் பந்தயம் அது. மூன்று பாலங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் மூன்று இடங்களை எந்த வரிசையிலும் எந்தத் திசையிலும் சுற்றி வரலாம். முந்நூறு படகுகள் எதிரும் புதிருமாகக் கிளம்பும். தொடங்கும் இடம் எது தெரியுமா? கோப்பையை வைத்திருந்த அதே கோல்டன் கேட் கிளப்பின் வாசல். அன்று காற்று செத்துப்போனதும் ஸ்கிப்பர் நங்கூரத்தை இறக்கச் சொன்னார். பந்தயத்தின் நடுவில் நங்கூரமா என்று விழித்தேன். அரை மணி நேரத்தில், பாயை விரித்துப் பிடித்திருந்த படகுகள் எல்லாம் நீரோடு பின்னால் நகர்ந்துபோயின. நாங்கள் அசையாமல் நின்றே முன்னேறியிருந்தோம்.

அல்கட்ராஸ் தீவின் விஷயத்தையும் அன்றுதான் காட்டினார். கடல் உள்ளே ஏறும்போது தீவு அந்த ஓட்டத்தை இரண்டாகப் பிளக்கும். தீவுக்குப் பின்னால், கிழக்குப் பக்கம், கூம்பு வடிவத்தில் கொஞ்சம் அமைதியான தண்ணீர் இருக்கும். மேற்கே போகிறவர் அதற்குள் ஒதுங்கினால் எதிர்நீரின் அடி குறையும். செப்டம்பரில் கோப்பைப் படகுகள் காற்றுக்கு எதிராக ஏறி வந்தபோது அதே கூம்புக்குத்தான் அடித்துப் பிடித்துக்கொண்டு போயின. வர்ணனையாளர் விளக்குமுன் எனக்குப் புரிந்துவிட்டது. பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத குடும்பத்துக்குக் கையை நீட்டி நீட்டி விளக்கினேன். உள்ளூர்ப் பந்தயத்தில் ஏறாமல் அந்தப் போட்டியை நான் பார்த்திருந்தால் வேகத்தை மட்டும்தான் பார்த்திருப்பேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் உள்ளூர்க்காரர்கள் சிலரோடு எனக்கு உடன்பாடில்லை. கோப்பைக்கு 23 நாட் காற்று வரம்பு வைத்திருந்தார்கள். ஓதத்தைப் பொறுத்து அதிலும் கூட்டிக் குறைப்பார்கள். “நாங்கள் 25 நாட் காற்றில் சாதாரணமாகப் போகிறோம், இவர்களுக்கு என்ன பயம்?” என்று படகுத்துறையில் பேச்சு. எங்கள் பாயைப் பாதியாகச் சுருக்கிக் கட்டலாம். அந்த 40 மீட்டர் இறகைத் தண்ணீரில் சுருக்கவும் முடியாது, இறக்கவும் முடியாது. காலையில் கிரேன் வைத்து நிறுத்தினால் மாலையில் கிரேன் வைத்துத்தான் எடுக்க முடியும். அந்த மே 9ஆம் தேதிதான் ஆர்ட்டெமிஸ் அணியின் படகு பயிற்சியில் உடைந்து கவிழ்ந்து, ஒலிம்பிக் தங்கம் வென்ற ஆண்ட்ரூ சிம்ப்சன் இறந்திருந்தார். அதற்குப் பிறகு வந்த வரம்பு அது. என்னைக் கேட்டால் வைத்தது முழுக்கச் சரி.

இப்போது அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். செப்டம்பர் 20. கோப்பைக்காக மோதிய இரண்டு அணிகளில் நியூசிலாந்து 8, ஆரக்கிள் 2. ஒன்பதாவது புள்ளி எடுத்தால் கோப்பை. ஆரக்கிள் முன்பு சிறிய படகுகளில் விதிமீறி மாற்றம் செய்ததற்காக இரண்டு புள்ளி குறைவாகத் தொடங்கியிருந்தது. அன்று காற்று மெலிந்திருந்தது. கோடையில் உள்நாட்டுச் சமவெளி கொதித்து, கடற்காற்றை அந்த வாசல் வழியாக உறிஞ்சி இழுக்கும். செப்டம்பர் கடைசியில் அந்த இழுப்பு குறைந்துவிடும். பதின்மூன்றாவது பந்தயத்தில் நியூசிலாந்து வெகு முன்னால் போய்க்கொண்டிருந்தது. ஆனால் 40 நிமிட வரம்பு முடிந்தது, பந்தயம் ரத்து. என் பக்கத்தில் கறுப்புக் கொடி போர்த்தியிருந்த நியூசிலாந்துக்காரர் ஒருவர் புல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிறகு காற்று சற்று ஏறி, மறுபடி ஓடியதில் ஆரக்கிள் வென்றது.

அங்கிருந்து ரயில் பிடித்து, பஸ் மாறி ஆறு மணிக்குப் பெர்க்லி துறைக்கு வந்தேன். அங்கேயும் அதே பேச்சு. ஜெயித்துக்கொண்டிருந்தவர்களிடமிருந்து பறித்துவிட்டார்கள் என்றார் ஒருவர். ஸ்கிப்பர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே, நேர வரம்பு இரண்டு பேருக்கும் முன்பே தெரியும், நாமும் எத்தனை தடவை அதில் மாட்டியிருக்கிறோம் என்று மட்டும் சொன்னார்.

அன்று மாலை சூரியன் இறங்க இறங்க எங்களுக்கும் காற்று விழுந்தது. முன்பாயில் இரண்டு பக்கமும் சின்னக் கம்பளி நூல் துண்டுகள் ஒட்டியிருக்கும். பாயின் மேல் காற்று சீராக வழிந்தால் இரண்டு நூலும் பின்னோக்கிக் கிடையாகப் பறக்கும். அன்று அவை தொங்கின. நாங்கள் மூன்று பேரும் சத்தமில்லாமல் காற்று போகும் பக்கத்துக்கு நகர்ந்து உட்கார்ந்தோம், படகு லேசாகச் சாய்ந்தால் பாய் தன் எடையாலேயே வடிவம் பிடித்துக்கொள்ளும் என்பதற்காக. யாரும் தும்மக்கூட இல்லை. வெளிப்பக்க நூல் ஒருமுறை துடித்தது. ஸ்கிப்பர் சுக்கானை ஒரு விரல் அளவுதான் நகர்த்தினார். இரண்டாவது நூலும் எழுந்தது. முன்முனையில் தண்ணீர் மெல்லக் களகளவென்றது. அன்று எட்டுப் படகில் ஐந்தாவதாக வந்தோம். சலுகைக் கணக்கில் மூன்றாவது.

மறுநாள் மழையும் தெற்குக் காற்றும் வந்து கோப்பைப் போட்டி நடக்கவில்லை. அதன்பின் ஆரக்கிள் தோற்கவே இல்லை. 25ஆம் தேதி 9-8 என்று முடிந்து கோப்பை ஆரக்கிளிடமே நின்றது. அதற்கு முந்தின இரண்டு நாளும் ஆபீஸில் வேலை ஓடவில்லை, ஃபோனில்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மாதத் தொடக்கத்தில் நடந்த இளைஞர் கோப்பையில் விரிகுடா பையன்களே சேர்ந்து ஓர் அணியாக ஓடியதை அவ்வளவாக யாரும் பேசவில்லை என்பது எனக்கு வருத்தம். அதில் வென்ற நியூசிலாந்து அணியின் ஸ்கிப்பர் பீட்டர் பர்லிங்தான் 2017இல் பெர்முடாவில் அமெரிக்கா கோப்பையையே தூக்கினார்.

உங்கள் ஊரிலும் இப்படி ஒரு பெரிய போட்டி வந்தால் கரையில் மட்டும் நிற்காதீர்கள். பக்கத்துச் சங்கத்தின் வாராந்தரப் பந்தயத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் துறைக்குப் போங்கள். ரப்பர் அடிப்பாகம் உள்ள ஷூ, குளிருக்கு ஒரு ஜாக்கெட் போதும். உயிர்காப்புச் சட்டை பெரும்பாலும் படகிலேயே தருவார்கள். ஆள் வேண்டுமா என்று கேளுங்கள், தெரியாது என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். ஏதாவது ஒரு படகில் கட்டாயம் ஆள் குறைவாக இருக்கும்.

கோப்பை முடிந்த இரண்டாம் நாள், அடுத்த வெள்ளிக்கிழமை, எங்கள் துறையில் அப்படி ஒருவர் வந்து நின்றார். மரீனா கிரீனில் எல்லா நாளும் பார்த்தாராம், படகில் கால் வைத்ததே இல்லையாம். போட்டிருந்தது தோல் ஷூ. ஸ்கிப்பர் அதைக் கழற்றச் சொல்லித் தன் பழைய ரப்பர் ஷூவைக் கொடுத்து, முன்பாயின் பக்கத்தில் உட்கார வைத்தார். நான் என்ன செய்யணும் என்று அவர் கேட்டார். அந்தக் கம்பளி நூலைக் காட்டி, இது தொங்கினால் சத்தமாகச் சொல் என்றார் ஸ்கிப்பர்.