கீபேடில் மேல் இரண்டு வரிசை மட்டும் வேலை செய்யவில்லையா?

கேள்வி: 4×4 கீபேடை ஆர்டுயினோ யூனோ என்ற மைக்ரோகண்ட்ரோலர் போர்டில் இணைத்திருக்கிறேன். வரிசைகள் 0 முதல் 3 வரையும் நெடுவரிசைகள் 4 முதல் 7 வரையும் உள்ள பின்களில். புரோகிராம் நானே எழுதியது. 7, 8, 9 எல்லாம் சீரியல் மானிட்டரில் (போர்டு அனுப்புவதைக் கணினியில் காட்டும் ஜன்னல்) வருகின்றன. 1 முதல் 6 வரை எதுவுமே வருவதில்லை. வருகிற எண்களும் சில சமயம் இரண்டு தடவை விழுகின்றன. கீபேடு பழுதா? ரெசிஸ்டர் போட வேண்டுமா?

பதில்: கீபேடை மாற்ற வேண்டாம், ரெசிஸ்டரும் வாங்க வேண்டாம். நீங்கள் எந்தெந்த எண்கள் வரவில்லை என்று சரியாகக் குறித்திருப்பதாலேயே காரணம் பிடிபட்டுவிட்டது. யூனோவில் 0, 1 ஆகிய பின்கள் சீரியல் தொடர்புக்கு உரியவை. புரோகிராமில் சீரியலைத் தொடங்கிய கணமே அந்த இரண்டும் உங்கள் கையை விட்டுப் போய்விடும். 0 வெறும் இன்புட்டாக மாறிவிடும். 1 எதையும் அனுப்பாத நேரத்தில் 5 வோல்ட்டிலேயே நிற்கும். நீங்கள் எத்தனை முறை 'லோ' (0 வோல்ட்) என்று எழுதினாலும் அவை இறங்காது. உங்கள் முதல் இரண்டு வரிசைகள் அந்தப் பின்களில்தான் இருக்கின்றன.

எட்டு ஒயர்களையும் 2 முதல் 9 வரை நகர்த்திவிட்டு, புரோகிராமில் பின் எண்களை மாற்றுங்கள். இடம் போதாவிட்டால் ஏ0 முதல் ஏ5 வரை உள்ள அனலாக் பின்களையும் சாதாரண டிஜிட்டல் பின்களாகவே பயன்படுத்தலாம்.

இதில் ஏன் 'லோ' இவ்வளவு முக்கியம் என்று பார்ப்போம். 16 பட்டனுக்கு 8 ஒயர்தான் வருகிறது. ஒவ்வொரு பட்டனும் ஒரு வரிசை ஒயரும் ஒரு நெடுவரிசை ஒயரும் சந்திக்கும் இடத்தில் இருக்கும் சுவிட்ச். நெடுவரிசைகளை உள் புல்-அப்போடு, அதாவது பின்னை 5 வோல்ட் பக்கம் இழுத்து வைக்கும் சிப்புக்குள்ளேயே உள்ள ரெசிஸ்டரோடு, இன்புட்டாக வைத்தால் அவை சும்மா இருக்கும்போது 'ஹை' (5 வோல்ட்). ஒரு வரிசையை மட்டும் 'லோ' ஆக்கி நான்கு நெடுவரிசைகளையும் படிக்கிறோம். எது 'லோ' ஆகியிருக்கிறதோ அந்தச் சந்திப்பில்தான் விரல் இருக்கிறது. பிறகு அடுத்த வரிசை. வரிசை இறங்கவே இல்லையென்றால் அங்கே எந்தப் பட்டனை அழுத்தியும் பயனில்லை.

யூனோவின் உள் புல்-அப் 20 முதல் 50 கிலோ ஓம் வரை இருக்கும். கீபேடு பக்கத்திலேயே இருந்தால் அதுவே தாராளம். ஒயர் நீளமாகப் போனால் மட்டும் ஒவ்வொரு நெடுவரிசைக்கும் 5 வோல்ட்டுக்கும் இடையே 10 கிலோ ஓம் ரெசிஸ்டரை வெளியே போடுங்கள்.

நீங்களே புரோகிராம் எழுதியிருப்பதால் ஒன்றைக் கட்டாயம் சரிபார்க்கச் சொல்வேன். ஒரு வரிசையை 'லோ' ஆக்கும்போது மற்ற மூன்று வரிசைகளை என்ன செய்திருக்கிறீர்கள்? பலரும் அவுட்புட்டாக வைத்து 'ஹை' எழுதிவிடுகிறார்கள். இப்போது யாராவது 7-ஐயும் அதற்குக் கீழே உள்ள நட்சத்திரக் குறியையும் சேர்த்து அழுத்தினால், ஒரு 'ஹை' பின்னும் ஒரு 'லோ' பின்னும் அந்தப் பட்டன்கள் வழியாக நேராக மோதிக்கொள்ளும். யூனோவில் உள்ள சிப்பில் ஒரு பின் தாங்கும் உச்ச வரம்பே 40 மில்லி ஆம்பியர்தான். பிளாஸ்டிக் தாள் கீபேடில் உள்ள தடை ஓரளவு காப்பாற்றும். உலோகத் தொடுமுனை உள்ள பட்டன்களில் அந்தப் பாதுகாப்பு இல்லை. அதனால் முறை வரும் வரிசையை மட்டும் அவுட்புட்டாக்கி 'லோ' செய்யுங்கள், படித்து முடித்ததும் மறுபடி இன்புட்டாக்கிவிடுங்கள். ஒவ்வொரு வரிசைக்கும் ஒரே ஒரு வரி கூடுதல் வேலை, அவ்வளவுதான்.

சரி, ஒரு எண் இரண்டு தடவை விழுவது ஏன்? பட்டனை அழுத்தும்போது உள்ளே இருக்கும் தொடுமுனைகள் ஒரே அடியில் ஒட்டிக்கொள்வதில்லை. சில மில்லிநொடிகள் தொட்டுத் தொட்டு விலகி, அப்புறம்தான் நிலைக்கும். உங்கள் புரோகிராமோ 16 பட்டனையும் ஒரு மில்லிநொடிக்குள் சுற்றி வந்துவிடும். அதன் கண்ணுக்கு அது அழுத்தி, விட்டு, மறுபடி அழுத்தியது போலத் தெரிகிறது. ஒரு பட்டனின் நிலை மாறியதும் நேரத்தைக் குறித்துக்கொண்டு, 20 மில்லிநொடி அது மாறாமல் இருந்தால் மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். இதற்கு டிலே (புரோகிராமை நிறுத்திக் காத்திருக்கும் கட்டளை) வேண்டாம், மில்லிஸ் (ஓடிய நேரத்தை மில்லிநொடியில் சொல்லும் கட்டளை) போதும். டிலே போட்டால் அந்த நேரம் முழுக்க மற்ற வேலைகளும் நின்றுபோகும். 'அழுத்தப்படாத' நிலையிலிருந்து 'அழுத்திய' நிலைக்கு மாறும்போது மட்டும் எண்ணைப் பதிவு செய்யுங்கள், இல்லாவிட்டால் விரலை எடுக்கும் வரை வந்துகொண்டே இருக்கும்.

1, 3, 7 மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் 9-உம் அழுத்தியதாகக் காட்டும். மின்சாரம் அந்த மூன்று வழியாகச் சுற்றிப் போவதால் வருவது அது. பாஸ்வேர்டு பூட்டு போன்றவற்றில் ஒவ்வொரு பட்டனாகத்தான் அழுத்துவோம், கவலை இல்லை. தனித்தனி சுவிட்சுகளால் நீங்களே கீபேடு செய்தால் ஒவ்வொன்றிலும் மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் ஒரு 1என்4148 டயோடு சேர்த்துவிடுங்கள்.

பின் எண்களை மாற்றிய பிறகு முதலில் எழுத்துகளை அச்சிடாமல், வரிசை எண்ணையும் நெடுவரிசை எண்ணையும் மட்டும் சீரியல் மானிட்டரில் காட்டிப் பாருங்கள். மேல் இடது மூலையில் 0, 0 வர வேண்டும். கீழ் வலது மூலையில் 3, 3. வேறு ஏதாவது வந்தால் ஒயர் வரிசை மாறியிருக்கிறது. அப்போது மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து, ஒரு பட்டனை அழுத்திக்கொண்டே எந்த இரண்டு முனைகள் இணைகின்றன என்று தேடுங்கள். பீப் ஒலியை நம்ப வேண்டாம். தாள் கீபேடின் தடை அதிகமாக இருப்பதால் பட்டன் நன்றாக இருந்தும் மீட்டர் ஒலிக்காமல் போகலாம்.