மாடிப்படிக்குக் கீழே சின்ன ஒயின் அறை: எந்தக் கூலிங் யூனிட் வாங்குவது?

கேள்வி: டாலஸ் புறநகரில் வீடு. மாடிப்படிக்குக் கீழே 6 அடிக்கு 5 அடி, 8 அடி உயரத்தில் ஒரு க்ளோசெட் சும்மா கிடக்கிறது. அதை 200 பாட்டில் வைக்கும் ஒயின் அறையாக மாற்ற ஆசை, கண்ணாடிக் கதவோடு. எந்தக் கூலிங் யூனிட் நல்லது? ஒரு பக்கச் சுவருக்குப் பின்னால் கராஜ் இருக்கிறது, அதில் துளை போட்டு மாட்டிவிடலாமா?

பதில்:

நானும் இந்தப் பக்கம்தான். உணவகங்களுக்கும் பூக்கடைகளுக்கும் வாக்-இன் கூலர் (ஆள் உள்ளே நுழையும் அளவுக்குப் பெரிய குளிர் அறை) மாட்டுவதும் பழுது பார்ப்பதும் என் தொழில். ஒயின் மேல் பிரியம் உண்டு, எங்கள் வீட்டிலும் ஒரு சின்ன அறையை இப்படி மாற்றி வைத்திருக்கிறேன். கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: கராஜ் சுவரில் மாட்டாதீர்கள்.

கூலிங் யூனிட் எதுவாக இருந்தாலும் அது செய்வது ஒன்றுதான். அறைக்குள் இருக்கும் வெப்பத்தை எடுத்து வேறு இடத்தில் கொண்டுபோய்க் கொட்டுகிறது. அதோடு தான் தின்னும் மின்சாரத்தையும் வெப்பமாக்கி அங்கேயே சேர்க்கிறது. கொட்டும் இடம் சூடாக இருந்தால் வேலை இரட்டிப்பாகும். சுவரில் மாட்டும் சாதாரண ஒயின் யூனிட்டுகள் பெரும்பாலும் பின்பக்க அறையை விட 30 டிகிரி ஃபாரன்ஹீட் வரைதான் குளிர வைக்கும். அதாவது செல்லர், அந்த ஒயின் அறை, 55-இல் இருக்க வேண்டுமென்றால் பின்பக்க அறை 85-ஐத் தாண்டக் கூடாது (செல்சியஸில் 13-ம் 29-ம்). டெக்சஸ் ஜூலை மாதத்தில் மூடிய கராஜ் 40 டிகிரி செல்சியஸைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். அப்போது கம்ப்ரசர் நிற்காமல் ஓடும், செல்லர் 18, 20 என்று ஏறிக்கொண்டே போகும், இரண்டு மூன்று கோடையில் மெஷின் கைவிட்டுவிடும். எங்கள் பகுதியில் ஒரு வீட்டில் இப்படித்தான் கராஜுக்குள் சூட்டை விட்டு மாட்டிக் கொடுத்திருந்தார்கள். மெஷின் பழுது என்று என்னைக் கூப்பிட்டார்கள். மெஷினில் ஒரு குறையும் இல்லை, அது மூச்சுவிட இடம்தான் இல்லை. கூரைக்கு அடியில் இருக்கும் அட்டிக் இன்னும் மோசம், கோடைப் பகலில் 55 டிகிரி செல்சியஸ் கூட எட்டும். அங்கே கண்டென்சர் (சூட்டை வெளியே தள்ளும் பாகம்) வைக்கலாம் என்று யாராவது சொன்னால் வேறு ஆளைப் பாருங்கள்.

அதனால் எந்த பிராண்ட் என்று தேடுவதற்கு முன்னால், க்ளோசெட்டின் நாலு பக்கச் சுவருக்கும் பின்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். வீட்டு ஏசி ஓடும், செல்லரை விடப் பெரிய ஒரு அறையோ நடைபாதையோ இருந்தால் சுவரில் மாட்டும் யூனிட் போதும். லாண்டரி அறையாக இருந்தால் வேண்டாம். டிரையரிலிருந்து பறக்கும் பஞ்சு கண்டென்சரில் போய் அடைத்துக்கொள்ளும். படுக்கை அறையும் வேண்டாம், இரவெல்லாம் கம்ப்ரசர் சத்தம் கேட்கும். எங்கள் வீட்டு யூனிட்டின் முதுகுப்பக்கம் சாப்பாட்டு அறைக்குப் போகும் நடையில் இருக்கிறது. அங்கே யாரும் உட்காருவதில்லை, காற்றும் ஓடும்.

சரி, எவ்வளவு பெரிய மெஷின் வேண்டும்? கடைக்காரர்கள் அறையின் கன அடியைக் கேட்டுவிட்டு ஒரு மாடலைக் காட்டுவார்கள். உங்கள் அறை 240 கன அடி. ஆனால் கன அடி கிட்டத்தட்ட ஒன்றுமே சொல்லாது. சுவரும் கதவும்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கின்றன. உங்கள் அறைக்கே ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். வெளியே வீடு 28 டிகிரி செல்சியஸ், உள்ளே 13, வித்தியாசம் 15 என்று வைத்துக்கொள்வோம் (இனி டிகிரி என்றால் செல்சியஸ்தான், வேறு சொன்னால் ஒழிய).

உங்கள் க்ளோசெட்டின் உள்சுவர்களில் இப்போது அநேகமாக வெப்பத்தைத் தடுக்கும் இன்சுலேஷனே இருக்காது. வீட்டுக்குள் இருக்கும் சுவருக்கு யாரும் போடுவதில்லை, இரண்டு பக்கமும் ட்ரைவால் என்ற ஜிப்சம் பலகை, நடுவே வெற்றுக் காற்று. அந்த நிலையில் சுவர்களும் கூரையும் சேர்ந்து சுமார் 460 வாட் வெப்பத்தை உள்ளே விடும். ஒற்றைக் கண்ணாடிக் கதவு போட்டால் அது மட்டும் 170 வாட். தரை, கதவு இடுக்கு, விளக்கு, திறந்து மூடுவது எல்லாம் ஒரு 75. மொத்தம் 700 வாட், அதாவது மணிக்கு 2,400 பிடியு (கூலிங் மெஷின்களின் திறனைச் சொல்லும் அலகு).

அதே அறையின் ட்ரைவாலைக் கழற்றி, ஸ்டட்டுகளுக்கு (சுவருக்குள் நிற்கும் மரச்சட்டங்களுக்கு) நடுவே க்ளோஸ்ட்-செல் ஸ்ப்ரே ஃபோம் (தெளித்ததும் நுரைத்து இறுகும் இன்சுலேஷன்) மூன்று அங்குலம் அடித்துவிட்டு, இரட்டைக் கண்ணாடிக் கதவு போடுங்கள். சுவரும் கூரையும் 100 வாட்டுக்கு இறங்கிவிடும். கதவு 85, மற்றவை அதே 75. மொத்தம் 260 வாட், மணிக்கு 900 பிடியுவுக்குள். கால்பங்கு கூடுதலாக வைத்துக்கொண்டாலும் 1,100 பிடியு மெஷின் போதும். இன்சுலேஷனுக்குச் செலவு செய்தால், மெஷினின் திறன் பாதிக்கும் கீழே வந்துவிடுகிறது. மெஷின் வாங்குவது ஒரு முறை, மின்கட்டணம் மாதாமாதம் வரும்.

இரண்டாவது கணக்கில் கதவைக் கவனித்தீர்களா? இரண்டு சதுர மீட்டர் இரட்டைக் கண்ணாடி, பதினாலு சதுர மீட்டர் சுவர் விடும் அளவுக்கே வெப்பத்தை விடுகிறது. உங்களுக்குக் கண்ணாடி ஆசை இருக்கிறது, எனக்கும் அது புரிகிறது. ஓரமாக விளக்கு போட்டுப் பாட்டில்கள் தெரிய வைத்தால் அழகுதான். போடுங்கள், ஆனால் இரட்டைக் கண்ணாடியாக, நாலு பக்கமும் ரப்பர் சீலோடு, கதவின் அடி இடுக்கை மூடும் ஸ்வீப் பட்டையோடு போடுங்கள். ஃபிரேம் இல்லாத, ஷவர் கதவு மாதிரியான ஒற்றைக் கண்ணாடியை அழகுக்காக விற்கிறார்கள். அதன் இடுக்குகளை எந்த மெஷினாலும் ஈடுகட்ட முடியாது. வீட்டுக்குள் ஈரம் ஏறும் நாட்களில் அது ஐஸ் தண்ணீர் ஊற்றிய டம்ளர் மாதிரி வியர்க்கவும் செய்யும்.

அந்த வியர்வை சுவருக்குள்ளும் நடக்கும், கண்ணுக்குத் தெரியாது என்பதுதான் ஆபத்து. வீட்டுக்குள் 26 டிகிரி, 55 சதவீத ஈரப்பதம் என்றால் அந்தக் காற்று 16 டிகிரிப் பரப்பைத் தொட்டாலே நீர் கோத்துவிடும். உங்கள் செல்லரின் உட்சுவர் 13. ஆகவே வீட்டின் ஈரக்காற்று சுவருக்குள் புகுந்து, குளிர்ந்த பக்கத்தை எட்டியதும் தண்ணீராக மாறும். பிறகு பூஞ்சை, பிறகு மரம் உளுத்துப்போவது. இதைத் தடுக்க நீராவி புகாத ஒரு தடுப்பு வேண்டும், அதுவும் சூடான பக்கத்தில், அதாவது செல்லருக்கு வெளிப்பக்கமாக. இன்சுலேஷனாக ஃபைபர்கிளாஸ் பஞ்சு வைத்தால் அதற்கு வெளியே 6 மில் தடிமனுள்ள பாலித்தீன் ஷீட் சுற்ற வேண்டும், ஒவ்வொரு இணைப்பும் டேப் ஒட்டியிருக்க வேண்டும். ஒரு க்ளோசெட்டுக்குள் நின்றுகொண்டு இதைச் சுத்தமாகச் செய்வது கடினம். க்ளோஸ்ட்-செல் ஃபோம் இரண்டு அங்குலத்துக்கு மேல் இருந்தால் அதுவே நீராவித் தடுப்பும் ஆகிவிடும், அதனால்தான் மேலே அதைச் சொன்னேன். கூரையையும் மறக்காதீர்கள். மாடிப்படியின் அடிப்பக்கத்தில் பலகைகளுக்கு நடுவே நிறைய இடுக்கு இருக்கும், ஃபோம் அவற்றுக்குள்ளும் போய்விடும். மேலே மூடும்போது குளியலறைக்குப் போடும் ஈரம் தாங்கும் ட்ரைவால் போடச் சொல்லுங்கள்.

சாதாரண ஏசியே போதாதா என்று அடுத்துக் கேட்பீர்கள், எல்லோரும் கேட்கிறார்கள். போதாது. வீட்டு ஏசியின் தெர்மோஸ்டாட் 16 டிகிரிக்குக் கீழே இறங்காது. ஏமாற்றி இறக்கினாலும், காற்றைக் குளிர வைக்கும் குழாய்ச்சுருளான காயிலில் பனிக்கட்டி பிடித்து நின்றுவிடும். பனி பிடிப்பதைக் கண்காணித்துக்கொண்டு ஜன்னல் ஏசியை 16-க்கும் கீழே குளிர வைக்கும் கூல்பாட் என்ற கருவி இருக்கிறது. பண்ணையில் காய்கறி வைக்கும் அறைகளுக்கு அருமையான கருவி அது, நானே சிலருக்கு மாட்டிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் கடையில் கிடைக்கும் மிகச் சிறிய ஜன்னல் ஏசியே 5,000 பிடியு, உங்களுக்குத் தேவை ஆயிரத்துச் சொச்சம். சில நிமிடங்கள் ஓடி, குளிரடித்து, நின்றுவிடும். மறுபடி சூடாகும், மறுபடி ஓடும். காயில் மிகக் குளிராக இருப்பதால் காற்றில் உள்ள ஈரத்தையெல்லாம் உறிஞ்சி டிரெயினில் விட்டுவிடும்.

ஒயினுக்கு இந்த இரண்டுமே ஆகாது. 13 டிகிரியை ஒட்டிய வெப்பநிலையும் 50 முதல் 70 சதவீத ஈரப்பதமும் வேண்டும். ஈரம் குறைந்தால் தக்கை உலர்ந்து சுருங்கிக் காற்று புகும். 75-ஐத் தாண்டினால் லேபிளில் பூஞ்சை வரும். வெப்பநிலை தினமும் ஏறி இறங்கினால் பாட்டிலுக்குள் திரவம் விரிந்து சுருங்கும், தக்கை ஒரு பம்ப் மாதிரி வேலை செய்து ஆக்சிஜனை உள்ளே இழுக்கும். ஒயின் யூனிட்டில் காயிலின் பரப்பும் காற்றின் ஓட்டமும் வேறு மாதிரி அமைத்திருப்பார்கள். 13 டிகிரி, 60 சதவீதக் காற்றில் நீர் கோக்கும் புள்ளி 5 டிகிரிக்குச் சற்று மேல். காயில் அதற்கு ரொம்பக் கீழே போகாமல் பார்த்துக்கொண்டால் ஈரம் அறையிலேயே தங்கும். அந்த அதிக விலை இதற்குத்தான், வெறும் பெயருக்கு அல்ல. இன்னொன்று, சரியாக 13 என்று பதற வேண்டாம். கோடைக்கும் குளிர்காலத்துக்கும் நடுவே 12-இலிருந்து 15-க்கு மெதுவாக நகர்ந்தால் ஒயினுக்கு ஒன்றும் ஆகாது. வேகமான மாற்றம்தான் கெடுதல்.

தரைக்கடியில் தோண்டி மெஷினே இல்லாமல் வைக்க முடியாதா என்றும் சிலர் கேட்பதுண்டு. பிரான்சில் ரேம்ஸ் நகரத்துச் சுண்ணாம்புக் குகைகளில் ஷாம்பேன் பாட்டில்கள் அப்படித்தான் இருக்கின்றன, வருடம் முழுக்க 10-12 டிகிரி. ஆழத்தில் மண்ணின் வெப்பநிலை அந்த ஊரின் ஆண்டுச் சராசரியை ஒட்டியே இருக்கும். ரேம்ஸுக்கு அது சரியாக அமைந்துவிட்டது. டாலஸில் அந்தச் சராசரி 19-ஐ ஒட்டி வரும், போதாது. சென்னையில் அது 28-ஐத் தாண்டும்.

இனி ஸ்ப்ளிட் யூனிட். பின்பக்கம் நல்ல அறை எதுவும் இல்லையென்றால், கராஜும் வெளிச்சுவரும்தான் கதி என்றால், ஸ்ப்ளிட் போடுங்கள். செல்லருக்குள் காயிலும் விசிறியும் மட்டும் இருக்கும், கம்ப்ரசரும் கண்டென்சரும் வீட்டுக்கு வெளியே நிழலில் இருக்கும். சத்தமும் அதிர்வும் குறைவு, பாட்டில்களுக்கும் அது நல்லது. ஆனால் செலவு, மாட்டும் கூலியோடு சேர்த்தால், சுவர் யூனிட்டைப் போல இரண்டு மூன்று மடங்கு ஆகலாம். செப்புக் குழாய் பற்றவைத்து, வேக்குவம் எடுத்து, கேஸ் நிரப்ப வேண்டும், அதற்கு இபிஏ 608 சான்றிதழ் (குளிர்பதன வாயுவைக் கையாள அமெரிக்க அரசு கேட்பது) உள்ளவர் வேண்டும். டெக்சஸ் மாநில உரிமத் துறையான டிடிஎல்ஆரின் லைசென்ஸ் உள்ள கான்ட்ராக்டரா என்றும் பாருங்கள். அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "குளிர்காலத்துக்கு லோ-ஆம்பியன்ட் கிட் போடுவீர்களா?" வீட்டு ஏசி மட்டும் மாட்டிப் பழகியவர் விழிப்பார், ஏனென்றால் வீட்டு ஏசி குளிர்காலத்தில் ஓடாது. செல்லரோ ஹீட்டர் போட்ட வீட்டுக்குள் இருப்பதால் ஜனவரியிலும் ஓட வேண்டும். வெளியே கடுங்குளிரில் கண்டென்சரின் அழுத்தம் விழுந்து மெஷின் சரியாக ஓடாது, அதைத் தடுப்பதுதான் அந்தக் கிட். 2021 பிப்ரவரி 16 அன்று டாலஸ் விமான நிலையத்தில் மைனஸ் 2 ஃபாரன்ஹீட் பதிவானதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

பிராண்ட் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். விஸ்பர்கூல், செல்லர்ப்ரோ, ஒயின் கார்டியன், ப்ரீஸேர் இவைதான் இங்கே அதிகம் பார்ப்பது. அதிகபட்சப் பின்பக்க வெப்பநிலை, அந்த வெப்பநிலையில் அது தரும் பிடியு, உதிரிபாகம் கிடைக்கும் தூரம், இந்த மூன்றையும் ஒப்பிட்டு வாங்குங்கள். விளம்பரத்தில் போடும் பிடியு பெரும்பாலும் சௌகரியமான வெப்பநிலையில் அளந்தது. அட்டவணையைக் கேட்டு வாங்கி, 85 ஃபாரன்ஹீட் வரிசையைப் பாருங்கள்.

200 என்பது இப்போதைக்கு ஆசை மட்டும்தான், கையில் 80 பாட்டில்தான் இருக்கிறது என்றால், இந்த வேலையே வேண்டாம். கம்ப்ரசர் வைத்த ஒயின் கேபினெட் ஒன்று வாங்கி அதே க்ளோசெட்டின் வெளியே வையுங்கள். கம்ப்ரசர் இல்லாமல் மின்சாரத்தாலேயே குளிர வைக்கும் பெல்டியர் வகை மலிவாகக் கிடைக்கும், டெக்சஸ் கோடைக்குத் தாங்காது.

மாட்டி முடித்ததும் பாட்டில்களை உடனே அடுக்காதீர்கள். காலியாக ஒரு வாரம் ஓட்டி, ஈரப்பதமும் வெப்பநிலையும் பதிவாகும் ஒரு மீட்டரை மேல்தட்டில் ஒன்று, கீழ்த்தட்டில் ஒன்று வைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் நாலு டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் காற்று சுற்றவில்லை என்று பொருள், யூனிட்டின் வாய்க்கு எதிரே பாட்டில் அடுக்கும் ராக் மறைத்திருக்கும். அப்புறம் பாட்டில்களை அடுக்கும்போது, 28 டிகிரியில் இருக்கும் 200 பாட்டிலைக் குளிர வைக்க மட்டும் 3 கிலோவாட்-மணி வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். ஒன்றிரண்டு நாள் மெஷின் நிற்காமல் ஓடும், பயப்பட வேண்டாம். டிரெயின் குழாய் சரிவாக இறங்குகிறதா என்று ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கண்டென்சரைத் தூசி தட்டுங்கள்.

நாலு சுவருக்கும் பின்னால் என்னென்ன இருக்கிறது என்று கமெண்டில் எழுதினால், எந்தப் பக்கம் சூட்டை விடலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.